மாமியார் கொடுத்த பன்னிரண்டு வோல்ட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும். முப்பத்தோரு வருடமாக எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றி ஓடவைக்கிறவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? எந்த மோட்டாரும் தானாக எரிவதில்லை. தண்ணீர் இல்லாத தொட்டியில் பம்பை ஓடவிட்டுத் தூங்கப் போகிறவர்கள், கிரைண்டருக்குள் கரண்டியை விட்டுவிட்டுத் தேடுகிறவர்கள், இவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறவர்கள். மோந்து பார்த்தே என்ன அசட்டுத்தனம் செய்தார்கள் என்று சொல்லிவிடுவேன். முகத்துக்கு நேராகவும் சொல்லிவிடுவேன்.

இந்த ஒரு விஷயத்தில்தான் சொல்லாமல் இருந்து பார்த்தேன். அதில்தான் வந்தது வினை.

என் மாப்பிள்ளை பெயர்ப்பலகை செய்கிறவர். அக்ரிலிக் பலகையில் எழுத்தும் எண்ணும் வெட்டி ஒட்டித் தருவார். கைவேலை சுத்தமாக இருக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். அவர் கடை வைத்திருந்த கட்டடத்தைச் சாலை அகலமாக்குகிறோம் என்று இடித்துவிட்டார்கள். என் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. மாடியில் இரண்டு அறைகளும் காலி. என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது, எதிரொலியோடு பேசிக்கொண்டிருப்பதற்குப் பதில் இவர்களாவது வரட்டுமே என்று கூப்பிட்டேன். சாமான் வண்டி வருவதற்கு முந்தின நாள் மகள் மட்டும் வந்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், அளவு தப்பாமல் பேசுவாள்.

"அம்மா, எனக்கு ஒரு சத்தியம் பண்ணு."

"எதுக்குடி?"

"அவரு என்ன செஞ்சாலும் நீ வாயத் திறக்கக் கூடாது. தப்பாவே செஞ்சாலும்."

"கண்ணு முன்னாடி பொகை வந்தாலுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "பொகை வந்தா மட்டும் சொல்லு."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு நான்கு பேரோடு நானும் சாப்பிடப் போயிருந்தேன். மாப்பிள்ளை தன் கையால் ஒரு சுவிட்ச் போர்டு மாட்டியிருந்தார். ஃபேனைப் போட்டால் விளக்கு மங்கியது. எனக்குக் கை சும்மா இருக்குமா? ஸ்டூலைப் போட்டு ஏறி, பைக்குள் இருந்த திருப்புளியை எடுத்து, போர்டையே கழற்றிவிட்டேன். "இந்தக் கூத்த அடிச்சது யாரு?" என்று வேறு சத்தமாகக் கேட்டேன். யார் என்று தெரிந்தேதான் கேட்டேன். அதற்கப்புறம் எட்டு மாதம் அவர் என் வீட்டு வாசல்படி ஏறவில்லை. மகள் வந்தாலும் கால்மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள். அந்த எட்டு மாதம் எனக்குத்தான் தெரியும். அதனால் சத்தியம் செய்தேன்.

நான்கு மாதம் ஓடியது. நானும் மாப்பிள்ளையும் கண்ணாடிக் கடைக்குள் நடக்கிற மாதிரி நடந்துகொண்டோம். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "சாப்பிட்டேன் அத்தை." அவ்வளவுதான். பின்னறையில் அவர் ஒரு வெட்டும் மெஷினைத் தானாகவே செய்துகொண்டிருந்தார். கட்டில் அளவுக்கு ஒரு மேசை. அதன் மேலே குறுக்கே ஓடும் ஒரு பாலம், அதில் மாட்டிய கத்தி. கம்ப்யூட்டரில் எண்ணை வரைந்து கொடுத்தால் கத்தி தானாகப் போய் வெட்டிவிட வேண்டும். அதை நகர்த்துவதற்கு நான்கு சின்ன மோட்டார்கள் வாங்கியிருந்தார். ஸ்டெப்பர் மோட்டார். முஷ்டி அளவு, சதுரமாக, கறுப்பாக இருக்கும். மற்ற மோட்டார் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்காது, படிப்படியாக நகர்ந்து, சொன்ன இடத்தில் நிற்கும்.

ஒருநாள் மகள் அடுப்படியில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். புதிதாகக் கட்டிய நூலகத்தில் அலமாரிகளுக்கு எண் பலகை கேட்டிருக்கிறார்கள். முதலில் அறுபது பலகை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்து அம்மா வந்து பார்ப்பார். பிடித்தால் கட்டடம் முழுக்க இவருக்கே வேலை. இன்னொரு பக்கம், தூரத்தில் இருக்கிற ஒரு பெரிய கம்பெனி இவரை வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. அதற்கும் சனிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

"மெஷின் ஓடலன்னா போயிடுவோம்மா" என்றாள். "ரயில்ல ஒரு நாள் பயணம். வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவோம்."

பயந்துபோனேன், அதை மறைப்பானேன். ஒரே மகள். வருடத்துக்கு இரண்டு தடவை பார்ப்பதற்காகவா நான் அவளைப் பெற்றேன்?

அன்றைக்கு மதியம் பின்னறைக்குப் போனேன். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். வாயைத்தான் திறக்கக் கூடாது, கண்ணைத் திறக்கலாமே. மோட்டார் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மூன்று வோல்ட், மூன்று ஆம்ப். பக்கத்தில் அவருடைய நோட்டு விரித்துக் கிடந்தது. 'பவர் சப்ளை: 36 வோல்ட்' என்று எழுதி, சுற்றிலும் வட்டம் போட்டிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வோல்ட் மோட்டாருக்கு முப்பத்தாறா? அநியாயமே, பன்னிரண்டு மடங்கு! நான்கு மோட்டாரும் நிமிடத்தில் கருகி, அந்த நாற்றம் தெரு முனை வரைக்கும் வருமே! புகை வந்தால் சொல்லலாம் என்றுதான் மகள் சொல்லியிருந்தாள். புகை வந்தபிறகு சொல்லி என்ன பிரயோசனம்? அப்போது மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நாக்கு நமநமவென்று அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். ஒரு பொருளை வாங்கிப் பரிசாகக் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லையே. மாமியார் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை எந்த மாப்பிள்ளையாவது வேண்டாம் என்பாரா? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு கிளம்பினேன்.

எலக்ட்ரானிக் சாமான் கடைக்காரரை நாங்கள் 'ஃபியூஸ்' என்றுதான் சொல்வோம். ரொம்ப நேரம் பொறுத்துப் போவார், திடீரென்று ஒருநாள் போய்விடுவார். கடை முழுக்க அட்டைப் பெட்டியாக இருக்கும். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

"ஸ்டெப்பர் மோட்டாருக்கு பவர் சப்ளை வேணும்" என்றேன். "மோட்டார் மூணு வோல்ட்டு. இருக்கறதுலயே கொறஞ்ச வோல்ட்டா கொடு."

"அக்கா, ஸ்டெப்பர் மோட்டாருக்கு அப்படிப் பாக்கக் கூடாது. நடுவுல டிரைவர்னு ஒரு போர்டு..."

"நான் மோட்டார் கட்ட ஆரம்பிச்சப்ப நீ பள்ளிக்கூடத்துக்கு அழுதுகிட்டே போயிட்டிருந்த. எனக்கு மோட்டார் பத்திச் சொல்றியா? கொறஞ்சது எது?"

"அந்த போர்டு வேல செய்யணும்னா பன்னெண்டாவது வேணும்."

"அப்ப பன்னெண்டு. நாலு மோட்டார், ஆளுக்கு மூணு ஆம்ப், மொத்தம் பன்னெண்டு ஆம்ப். எதுக்கும் இருக்கட்டும், முப்பது ஆம்ப்பா கொடு."

மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முறைத்தேன். ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு வெள்ளைத் தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்து, பேசாமல் பையில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை அதை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். "உங்களுக்குத்தான் வாங்கினேன். முப்பது ஆம்ப்!" என்றேன். குரலில் தேன் ஒழுகியது. அவர் ஓரத்தில் இருந்த சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். நான் இருவரையும் பார்த்தேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நன்றி அத்தை" என்றார்.

புதன்கிழமை காலை மெஷின் முதல்முதலாக ஓடியது. நானும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். புகை வரவில்லை. மோட்டார் சூடுகூட ஆகவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. எட்டு வெட்டுவதற்குப் பாலம் சர்ரென்று கிளம்பியது, திடீரென்று 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு மறுபடியும் ஓடியது. முடித்து எடுத்துப் பார்த்தால் அது எட்டு மாதிரி இல்லை. இடுப்பு சுளுக்கிக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது. பூஜ்யம் வெட்டச் சொன்னால், கிளம்பின இடத்துக்கே திரும்பி வரவில்லை. ஒரு விரல் தள்ளிப் போய் முடித்துவிட்டது.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"படி விட்டுடுது அத்தை. இந்த மோட்டார் ஒரு சுத்துக்கு எரநூறு படி ஏறும். வேகமாப் போகச் சொன்னா நடுவுல ரெண்டு மூணு படிய விட்டுடுது. விட்டதே அதுக்குத் தெரியாது. எல்லாம் சரியாத்தான் பண்றோம்னு நெனச்சுக்கிட்டு மேல மேல வெட்டிக்கிட்டே போகும்."

"சுத்த அசடா இருக்கும் போல" என்றேன்.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது அத்தை" என்றார் மெதுவாக.

"எதனால விடுது?"

வாயைத் திறந்தார். அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "பாக்கணும் அத்தை." பாவம், இவருக்கே தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

அவர் கண்டுபிடித்த வைத்தியம், வேகத்தைக் குறைப்பது. குறைத்தார், குறைத்தார், மாட்டு வண்டியே முந்திப்போகும் அளவுக்குக் குறைத்தார். அப்போது எண் ஒழுங்காக வந்தது. ஆனால் ஒரு பலகைக்கு நாற்பது நிமிடம். விடிந்ததும் போய் உட்கார்ந்தால் இருட்டும் வரைக்கும் அங்கேயே இருப்பார். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது கணக்குப் பார்த்தோம். அறுபதில் இருபதுதான் முடிந்திருந்தது.

"மாப்பிள்ளை, உங்க மெஷின் ஒம்பது வெட்ட ஆரம்பிச்சப்ப நான் அரிசி ஊற வெச்சேன். மாவு புளிச்சே போச்சு, அது இன்னும் வால் போட்டுக்கிட்டிருக்கு" என்றேன். தப்பைச் சொல்லத்தான் தடை, கிண்டலுக்குத் தடை இல்லை. மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். மாப்பிள்ளை சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

இரவெல்லாம் எனக்கு மனசு கேட்கவில்லை. வோல்ட் சரி. அப்படியானால் ஆம்ப்தான் போதவில்லை. முப்பது போதாது, அறுபது போட்டால் மோட்டாருக்கு முறுக்கு ஏறும். வெள்ளிக்கிழமை கடை திறந்ததுமே ஃபியூஸ் முன்னால் போய் நின்றேன்.

"அறுபது ஆம்ப்பா ஒண்ணு கொடு. உன் பெட்டி சரியில்ல. படி விடுது."

ஃபியூஸ் கையிலிருந்த சால்டரிங் அயர்னை வைத்தார். ஸ்டூலிலிருந்து எழுந்தார். அன்றைக்குத்தான் அவர் போகிற நாள்.

"அக்கா! பத்து வருஷமா நான் பேச ஆரம்பிச்சா நீங்க முடிக்கறீங்க. இன்னிக்கு நான் முடிக்கற வரைக்கும் வாயத் தொறந்தீங்க, கடையச் சாத்திடுவேன்!" என்று கத்தினார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"மோட்டார்ல போட்டிருக்கற மூணு வோல்ட்டு, அதுக்கு நேரா கரண்ட் கொடுத்தா எவ்வளவுன்றது. இங்க நேரா கொடுக்கறதே இல்ல. நடுவுல டிரைவர் போர்டு உக்காந்திருக்கு. மூணு ஆம்ப் உள்ள போச்சுன்னா கதவச் சாத்திடும். கொறஞ்சா தொறக்கும். செகண்டுக்கு ஆயிரக்கணக்குல தொறந்து சாத்தும். நீங்க முப்பத்தாறு வோல்ட் கொடுத்தாலும் மோட்டார எரிய விடாது."

"அப்ப எதுக்கு..."

"முடிக்கல! நீங்க கம்பி சுத்திக் காயில் கட்டறவங்க, நீங்களே சொல்லுங்க. காயிலுக்குக் கரண்ட் கொடுத்தா உடனே உள்ள போயிடுமா?"

"போகாது" என்றேன். "முரண்டு பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும்."

"தள்ளறது வோல்ட்டு. கம்மியா தள்ளினா?"

"மெதுவா ஏறும்."

"ஒவ்வொரு படிக்கும் புதுசா ஏறணும். செகண்டுக்கு ரெண்டாயிரம் படி. பன்னெண்டு வோல்ட் தள்ளி பாதி ஏறறதுக்குள்ள அடுத்த படி வந்து நிக்குது. அப்பறம் முறுக்கு எங்கிருந்து வரும்? நீங்க ஆறாயிரம் ஆம்ப் வெச்சாலும் அது வாசல்ல சும்மா நிக்கும்."

முப்பத்தோரு வருடமாகக் காயில் சுற்றிய கை. காயில் முரண்டு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாததா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தெரிந்ததைத் தெரிந்த இடத்தில் வைத்துவிட்டு, சீட்டைப் படித்துவிட்டுக் குதித்திருக்கிறேன். அசடு வழிந்தது.

"இத ஏன்யா அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டேன். கேட்டபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது.

ஃபியூஸ் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல அக்கா. உங்க மாப்பிள்ளை திங்கக்கிழமையே முப்பத்தாறு வோல்ட் ஒண்ணு வாங்கிட்டுப் போனாரே. அதுக்கு என்ன ஆச்சு?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. பின்னறையில் மெஷின் ஊர்ந்துகொண்டிருந்தது. இருபத்தாறாவது பலகை. மாப்பிள்ளை முட்டியைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கண் இரண்டும் சிவந்திருந்தது. நான் குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். மூலையில், அவருடைய பழைய சட்டை ஒன்றில் சுற்றி ஒரு பொட்டலம். இழுத்துப் பிரித்தேன். வெள்ளைத் தகரப் பெட்டி. நான் வாங்கிக் கொடுத்ததற்கு அண்ணன் தம்பி மாதிரி அதே அளவு, அதே எடை. ஓரத்துச் சீட்டில் மட்டும் முப்பத்தாறு வோல்ட் என்று இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வார்னிஷ் கண்ணில் பட்டால்கூட அழாதவள் நான்.

"ஏன் மாப்பிள்ளை? சரியான பொருள கையில வெச்சுக்கிட்டு எதுக்கு இப்படி மூணு நாளா உசுர விடறீங்க?"

அவர் அவசரமாக எழுந்து நின்றார். "நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்தீங்க அத்தை. அத எப்படி வேணாம்னு..."

"தப்பா வாங்கிட்டு வந்திருக்கீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்ன சத்தியம்? யார்கிட்ட?"

"உங்க பொண்ணுகிட்டதான். அம்மா எது சொன்னாலும் சரின்னு சொல்லுங்க, தப்பாவே இருந்தாலும் எதுத்துப் பேசாதீங்கன்னு. இங்க வர்றதுக்கு மொத நாள் வாங்கிட்டா."

அடிப்பாவி மகளே! ஒரே நாளில் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிவிட்டு, நிம்மதியாக மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தேன். அது ஒரு பக்கம் சாய்ந்தது, வழக்கம்போல.

"மெஷின் ஓடலன்னா ஊரை விட்டுப் போறதாச் சொன்னாளே. அது தெரிஞ்சுமா ஓட விடாம வெச்சிருந்தீங்க?"

கத்தி ஏழின் மேல்கோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"மெஷினுக்காகப் போறேன்னு நான் சொல்லல அத்தை. அது அவளா நெனச்சுக்கிட்டது. நாலு மாசமா நாம சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன்ங்கறதத் தவிர என்ன பேசியிருக்கோம்? அன்னிக்கு எல்லார் முன்னாடியும் போர்டக் கழட்டினீங்களே, எனக்குக் கோவம் வந்துச்சு, நெசந்தான். ஆனா நீங்க திரும்ப மாட்டினதுக்கப்பறம், நாங்க காலி பண்ற வரைக்கும் வெளக்கு மங்கவே இல்ல. இங்க வந்தா உங்ககிட்ட நெறைய கேக்கலாம், சண்ட போடலாம்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா விருந்தாளி மாதிரி என்னப் பாத்துச் சிரிக்கறீங்க. அங்க போனா திட்டறதுக்காவது நாலு பேர் இருப்பாங்க."

நான் நாக்கைக் கட்டிப்போட்டு அவரை வீட்டில் இருக்கவைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைத் துரத்திக்கொண்டிருந்ததே அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"திட்டணும், அவ்வளவுதான? இன்னிலேர்ந்து திட்டறேன். ஆனா நான் தப்புப் பண்ணினா நீங்களும் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சம்மதமா?"

"சம்மதம் அத்தை."

"மொதல்ல என் பெட்டியக் கழட்டுங்க."

இருபத்தாறு முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, அவர் என்னுடையதைக் கழற்றி, தன்னுடையதை எடுத்து வைத்தார். மோட்டார் பக்கத்து வயரை மாட்டுவதற்கு முன்னால் நான் தடுத்தேன். எந்தப் பெட்டியையும் அளந்து பார்க்காமல் மாட்ட விடமாட்டேன். வோல்ட் அளக்கும் என் டெஸ்டரைக் கொண்டுவந்தேன். மஞ்சள் நிறம், பதினைந்து வருடமாக என் இடது கை மாதிரி. இந்தத் தெருவில் இருநூற்று முப்பது வோல்ட் வரவேண்டிய இடத்தில் இருநூற்று அறுபது வருகிறது என்று கண்டுபிடித்ததே அதுதான். அதை வைத்து மின்சார அலுவலகத்துக்கு மூன்று புகார் எழுதியிருக்கிறேன். லைன்மேன் வந்து தன் மீட்டரில் அளந்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பொய் சொல்லாதே என்று வாசல் வரை விரட்டியிருக்கிறேன்.

புதுப் பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, டெஸ்டர் கம்பியை வைத்தேன். நாற்பத்தொன்று காட்டியது.

"பாத்தீங்களா! முப்பத்தாறுன்னு போட்டுட்டு நாப்பத்தொண்ணு வருது. இது ஓட்டைப் பெட்டி. மாட்டாதீங்க, எல்லாம் போயிடும்!"

மாப்பிள்ளை பெட்டியைப் பார்த்தார். டெஸ்டரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு வந்த மகள் வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை... பெட்டி சரியாத்தான் இருக்கு. உங்க டெஸ்டர்தான் தப்பு."

"என்ன?"

"அதுல பேட்டரி செத்து ரெண்டு வருஷமாவது இருக்கும். மூலைல ஒரு சின்னப் பெட்டி படம் தெரியுதே, அது பேட்டரி மாத்துன்னு சொல்றது. பேட்டரி கொறைஞ்சா இது எல்லாத்தையும் அதிகமாக் காட்டும். தெருவுல கரண்ட் எப்பவும் சரியாத்தான் வருது. அந்த லைன்மேன் பாவம் அத்தை."

எனக்குத் தலைக்கு ஜிவ்வென்று ஏறியது. என் டெஸ்டரையா? என் பட்டறைக்குள் நின்றுகொண்டா? வாயைத் திறந்தேன். மகள் முகம் வெளுத்து, கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என் கண்ணைப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் கேட்டதைத்தான் கொடுக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

திருப்புளியை எடுத்து டெஸ்டரின் முதுகைத் திறந்தேன். பேட்டரி வீங்கி, ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. இழுப்பறையிலிருந்து புதிது எடுத்துப் போட்டேன். மூலையில் இருந்த சின்னப் பெட்டி மறைந்தது. இத்தனை நாளும் அதைக் கம்பெனியின் முத்திரை என்றே நினைத்திருந்தேன். மறுபடியும் கம்பியை வைத்தேன். முப்பத்தாறு. சுவர் பிளக்கில் வைத்தேன். இருநூற்று முப்பத்தொன்று.

"இத நாலு மாசமா வயித்துக்குள்ளயே வெச்சிருந்தீங்களா?" என்று கத்தினேன். "மூணு புகார் எழுதியிருக்கேன்யா! மூணு! ஊமைக்கோட்டான் மாதிரி பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்களே!"

"சொல்லியிருந்தா என்னையும் வாசல் வரைக்கும் வெரட்டியிருப்பீங்க!" என்று அவரும் கத்தினார்.

"வெரட்டித்தான் இருப்பேன்!"

"ஐயோ, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று மகள் நடுவில் ஓடிவந்தாள்.

"நீ வாய மூடு!" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பேந்தப் பேந்த விழித்தாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது.

வயரை மாட்டி மெஷினை ஓடவிட்டார். பாலம் கிளம்பிய வேகத்தில் நான் ஓர் அடி பின்வாங்கினேன். கர்ர் என்ற சத்தம் இல்லை. ஆறு நிமிடத்தில் எட்டு வந்து விழுந்தது, இடுப்பு நேராக இருந்தது. மீதி முப்பத்துமூன்றையும் மாலை விளக்கு போடுவதற்குள் முடித்துவிட்டோம். நான் ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்தேன். நன்றாகத் தேய்க்கவில்லை என்று அவர் இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். திட்டிக்கொண்டே தேய்த்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நூலகத்து அம்மா வந்தார். பையிலிருந்து அளவுகோலை எடுத்து ஒன்பதாம் எண் பலகையை அளந்தார், பூஜ்யத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். "மத்த மாடிக்கும் நீங்களே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு, பலகைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அவரை வழியனுப்ப மகளும் மாப்பிள்ளையும் தெருவுக்குப் போனார்கள்.

நான் பின்னறையைக் கூட்டினேன். மேசை மேல் அந்தக் கம்பெனியின் கடிதம் இருந்தது. போகப்போவதில்லை என்று அவர் இதுவரை வாய்விட்டுச் சொல்லவில்லையே. பதில் எழுத இன்றுதான் கடைசி நாள். படிக்கக் கூடாதுதான், எடுத்தேன். பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் அச்சடித்த மாதிரிக் கையெழுத்து.

'அத்தையின் பட்டறையில் சரிசெய்ய வேண்டியவை. 1. டெஸ்டர் பேட்டரி.' இதற்கு நேரே ஒரு டிக். '2. ஸ்டூல் கால். 3. லைன்மேனிடம் மன்னிப்பு, நானும் கூடப் போக வேண்டும். 4. வார்னிஷ் டப்பாவை எப்போதும் திறந்தே வைக்கிறார்.' இப்படியே பதினொன்று வரைக்கும் போயிற்று. பன்னிரண்டு என்று எண் மட்டும் போட்டு, இடம் விட்டிருந்தது.

கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பிறகு மறுபடியும் படித்தேன். நாலாவது சுத்தப் பொய். நான் எப்போதும் மூடித்தான் வைப்பேன். இதைச் சும்மா விடக் கூடாது என்று தெருவை நோக்கிக் கிளம்பினேன். போகிற வழியில் வார்னிஷ் டப்பாவை மூடிவிட்டுப் போனேன்.